கதிரவனுக்கு முதுகு காட்டி

மலையின்மேல் சூரியோதயத்தைப் படம் பிடிப்பது எப்படி என்று எங்களைக் கேட்பவர்கள் பலர். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ புறப்படுமுன் எங்கள் வீட்டுக்கு வரும் பங்கு மக்கள் சிலர், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் மலைப் படங்களைச் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்படி ஒன்று எங்களுக்கும் அமையுமா?" என்று வினவுவார்கள். அமையும் என்றே நாங்களும் விடை கூறுகிறோம். ஆனால் நாங்கள் சொல்லும் முதல் யோசனையைக் கேட்டதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். கதிரவன் எழும் வேளையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள் என்பதே அந்த யோசனை.

இது எங்கள் சொந்தச் சரக்கன்று. எங்களுள் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமான பெரியவர் கற்பித்தது. இருவருமே அவரை அப்பா என்றுதான் அழைக்கிறோம். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர் அவர். திருமணப் படங்கள், புதுநன்மைப் படங்கள், அடையாள அட்டைக்கான சிறு படங்கள், இறந்தோரின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தருதல் ஆகியவையெல்லாம் வயிற்றுப் பிழைப்புக்கு. மலை மட்டும் அவருடைய சொந்தச் செலவு. மாதம் ஒருமுறை மாலைப் பேருந்தில் கொடைக்கானல் ஏறி, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் போர்த்திப் படுத்து, விடியற்காலையில் மூன்றே படங்கள் எடுத்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்குக் கடையைத் திறக்க இறங்கிவிடுவார். திருமணமான புதிதில் எங்கள் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றளவும் எங்களை விட்டபாடில்லை.

கதிரவனைத்தான் படம் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு மலை எதற்கு என்பார் அவர். கன்னியாகுமரிக் கடற்கரையிலும் அதே வட்டம்தான், நம் ஊர்க் கண்மாய்க் கரையிலும் அதே வட்டம்தான். மேலும் அந்த வட்டத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த மாத்திரத்தில், கருவி அந்தப் பேரொளிக்கு ஏற்பத் தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது; மலை, மரம், பாறை யாவும் கரித்துண்டாகிவிடுகின்றன. "விளக்கையா படம் எடுப்பார்கள்? விளக்கு வெளிச்சத்தில் தெரிகிற முகத்தை அல்லவா எடுக்க வேண்டும்" என்பது ஸ்டூடியோக்காரரின் வாதம். அதில் நியாயம் இருப்பதை எதிர்ப்புறத்து மலையை ஒரு விடியலேனும் முழுதாகப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த விடியல் எப்போது தொடங்குகிறது? பலரும் எண்ணுவதுபோல் கதிரவன் தலைகாட்டும்போதன்று. அவன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே இருக்கும்போதே வானத்தின் கருமை இளகத் தொடங்குகிறது. நம் நாட்டில் அது உதயத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன்பு. 6 பாகை கீழே வரும்போது, அதாவது உதயத்துக்கு 22 நிமிடம் அளவில், ஒற்றையடிப் பாதை கண்ணுக்குப் புலப்படுகிறது. தை மாதத்தில் கொடைக்கானலில் கதிரவன் எழுவது ஆறரை மணிக்குச் சற்றுப் பின்பு. ஆகவே ஐந்தே காலுக்கு இடத்தில் இருப்பவருக்குத்தான் முழுக் காட்சியும் கிட்டும். ஆறரை மணிக்குத் தேநீர் பருகிவிட்டுப் புறப்படுபவர், நாடகத்தின் கடைசிக் காட்சிக்குச் சீட்டு வாங்கியவரேயாவார்.

உதயத்துக்குக் கால்மணி நேரம் இருக்கையில் மேற்கே திரும்பிப் பாருங்கள். வானம் தெளிவாயிருந்தால், அடிவானத்தை ஒட்டி நீலமும் சாம்பலும் கலந்த கரும்பட்டை ஒன்று நீண்டு கிடக்கும். அதன்மேல் இளஞ்சிவப்பாக மற்றொரு பட்டை. கீழே உள்ளது மேகமன்று, மழையிருட்டுமன்று. அது பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த உருண்டை தன் நிழலைத் தன் காற்று மண்டலத்தின்மீதே வீழ்த்துகிறது. கிழக்கே கதிரவன் மேலேற மேலேற, மேற்கே அந்த நிழல் இறங்கி இறங்கி மலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். எத்தனையோ பேர் மலைக்கு வருகிறார்கள். கிழக்கே திரும்பி நிற்பதால் இதைக் காணாமலே இறங்குகிறார்கள். முதன்முதலில் அப்பா இதைச் சுட்டிக் காட்டியபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது. படம் எடுக்கவும் கை எழவில்லை.

நிழல் இறங்கிய பின்பே ஒளி வருகிறது. அதுவும் மேலிருந்து கீழாக. மிக உயர்ந்த பாறையின் நெற்றியில் முதலில் செம்பொன் நிறம் படியும். பிறகு தோள், பிறகு மார்பு, பிறகு சரிவிலுள்ள மரங்கள். டார்ஜிலிங்கை அடுத்த புலிமலையிலிருந்து கஞ்சன்ஜங்காவைக் காண்பவர்களுக்கு இந்த வரிசை வெகு தெளிவாகத் தெரியும். 8,586 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் சிவந்து ஒளிரும் வேளையில், பார்ப்பவர் நிற்கும் இடம் இன்னும் இருளில்தான் இருக்கும். நம் கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டரே. ஆயினும் அந்த உயரத்துக்கும் ஒரு சலுகை உண்டு. விளிம்பில் நிற்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரிவதால், கீழே சமவெளியில் நிற்பவரைவிட ஏறத்தாழ ஐந்து நிமிடம் முன்னதாகவே கதிரவன் தென்பட்டுவிடுகிறான். பெரியகுளத்துக்காரர் இன்னும் விளக்கை அணைக்காத நேரத்தில் மலைமேல் உள்ளவருக்குப் பொழுது விடிந்துவிடுகிறது.

செந்நிறத்தின் காரணத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அடிவானத்தில் உள்ள கதிரவனின் ஒளி மிக நீண்ட தூரம் காற்றினூடே வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறி விலகிப்போகச் சிவப்பும் மஞ்சளும் எஞ்சி வந்து சேர்கின்றன. ராலே பிரபு 1871-இல் இதைக் கணக்கிட்டு விளக்கினார். படம் பிடிப்பவருக்கு வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. நிலநடுக்கோட்டை அடுத்துள்ள நம் நாட்டில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறுவதால், இந்தப் பொன்னொளி அரைமணி நேரம்கூட நிலைப்பதில்லை. ஐரோப்பாவின் வடபகுதிகளில் அவன் சாய்வாக ஊர்ந்து ஏறுகிறான். அங்குள்ளவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிதானமாக இடம் மாற்றி மாற்றிப் படம் எடுக்கலாம். அவர்களுடைய புத்தகங்களைப் படித்துவிட்டு இங்கே வந்து நிதானம் காட்டினால், ஸ்டாண்டை விரித்து முடிப்பதற்குள் எல்லாம் வெளிறிவிடும்.

இடத்தையும் மாதத்தையும் பொருத்திப் பார்ப்பதும் தேவை. கதிரவன் சரியாகக் கிழக்கில் எழுவது பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாட்கள் மட்டுமே. மார்கழியில் அவன் தென்கிழக்கே நகர்ந்திருப்பான், ஆனியில் வடகிழக்கே போயிருப்பான். இரண்டுக்கும் இடையே நம் பகுதியில் ஏறத்தாழ 47 பாகை வேறுபாடு. பக்கவாட்டு ஒளி விழுந்து ஒவ்வொரு மடிப்பும் தெரிகிற பாறை, ஆறு மாதம் கழித்து அதே மணிக்கு வெறும் சப்பையாகத் தோன்றும். சித்திரை, வைகாசியில் சமவெளியின் புழுதியும் வெப்பமும் எழுந்து தொலைமலைகளை மறைத்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை. இரவில் நன்றாக மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையும், தை, மாசி மாதங்களின் குளிர்ந்த தெளிந்த காலையுமே எங்களுக்கு உகந்தவை. அந்நாட்களில் மலைச்சரிவின் குளிர்காற்று இரவெல்லாம் கீழிறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதன் ஈரம் மூடுபனியாகிக் கடல்போல் பரந்து கிடக்கும். குன்றுகள் அதில் தீவுகளாய் மிதக்கும். வெயில் ஏறியதும் அந்தக் கடல் பொங்கி மேலே வந்து, எட்டு மணியளவில் நம்மையே மூடிவிடும். கையில் பிடித்திருக்கும் தேநீர்க் குவளையும் மங்கலாகிப்போன நாட்கள் உண்டு.

கொடைக்கானலில் நாள்தோறும் இவ்வாறு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. 1904 தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மேகம் விலகிய நாட்களிலெல்லாம் கதிரவனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இந்த மலையிலிருந்துதான். கதிரவனுக்கு முகம் காட்டி நிற்பதற்கு உரிமையுள்ளவர்கள் அவர்களே என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை இக்காலத்தில் கணினியில் ஏற்றிப் பாதுகாத்திருக்கிறார்கள் என்ற செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டியபோது நெடுநேரம் பேசாமலிருந்தார். தம்முடைய நெகடிவ் பெட்டிகளில் பாதியைக் கரையான் கொண்டுபோனது நினைவுக்கு வந்திருக்கலாம்.

அவர் பயன்படுத்தியது சதுரப் படங்கள் பன்னிரண்டு விழும் சுருள். 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நிறுவப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் உள்நாட்டுச் சுருள் கிடைக்கத் தொடங்கிய பிறகு அதையே வாங்கினார். மலையில் செய்த பிலிமில் மலையைப் பிடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த ஆலை பின்னாளில் நலிந்து மூடப்பட்டுவிட்டது. பன்னிரண்டில் ஒன்பது வாடிக்கையாளருக்கு, மூன்று மலைக்கு. அந்தக் கணக்கில்தான் மூன்று படம் என்ற விதி பிறந்தது. கருவியில் ஆயிரம் படங்கள் அடங்கும் இக்காலத்திலும் நாங்கள் ஒரு விடியலுக்கு மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை. இதைப் பிடிவாதம் என்று எங்கள் பிள்ளைகள் நகைக்கிறார்கள். நகைக்கட்டும். மூன்றுதான் என்று தெரிந்தால் கண் வேலை செய்கிறது. முந்நூறு என்றால் விரல்தான் வேலை செய்கிறது.

எல்லாமே கறுப்பு வெள்ளை. நிறமில்லாமல் விடியற்காலையா என்று கேட்டவர்களுக்கு அவர் அடுக்கடுக்கான மலைகளின் படம் ஒன்றை எடுத்துக் காட்டுவார். அருகிலுள்ள மலை கன்னங்கரேலென்று இருக்கும். அடுத்தது சற்று வெளிறி, அதற்கடுத்தது இன்னும் வெளிறி, கடைசி மலை வானமா மலையா என்று சொல்ல முடியாதபடி கரைந்திருக்கும். தொலைவு கூடக் கூட இடையிலுள்ள காற்றே திரையாகிவிடுவதை ஓவியர் லியனார்டோ டாவின்சி தம் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். அப்பா அதைப் படித்தவரல்லர். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் எத்தனை அடுக்கு தெரிகிறது என்று எண்ணி, ஸ்டூடியோ நாட்குறிப்பில் குறித்துவைத்தார். ஏழு, ஐந்து, மூன்று, மூடுபனி, மூடுபனி, ஆறு. ஒரே ஒரு நாளில் மட்டும் ஒன்பது.

இவ்விடத்தில் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1944-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய புகழ்பெற்ற படமொன்று, கலிபோர்னியாவில் லோன் பைன் என்னும் சிற்றூரிலிருந்து எடுத்த சியரா நெவாடா மலையின் குளிர்கால உதயம். பனிச் சிகரங்கள் ஒளிர, இடையில் கரிய குன்றுகள் நிழலில் கிடக்க, முன்னே புல்வெளியில் ஒரு குதிரை மேய்கிறது. அதற்காக அவர் கடுங்குளிரில் நாள்தோறும் இருட்டிலேயே அவ்விடத்துக்கு வந்து காத்திருந்து, ஐந்தாம் விடியலில்தான் நினைத்ததைப் பெற்றார். அந்தக் கரிய குன்றில் ஊர்ப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அந்த எழுத்துகளைப் படத்திலிருந்து அகற்றிவிட்டார். இது பொய்யாகாதா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. தீர்ப்புக்கு அப்பாவிடம் போனோம். மணப்பெண்களின் முகப்பருவை நெகடிவில் பென்சிலால் மூடியே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். "பருவை எடுக்கலாம், மூக்கை மாற்றக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். இன்றைய கைப்பேசிகள் விடியற்காலை நிழலையெல்லாம் தாமாகவே வெளிச்சமாக்கி நண்பகல்போல் காட்டுவதைக் காணும்போது, மூக்கை மாற்றுவது என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்குகிறது.

அப்பாவுக்கு இப்போது பார்வை இல்லை. முற்றும் இல்லை என்று சொல்வதற்கில்லை; சன்னல் இருக்கும் திசை தெரியும், யாரோ குறுக்கே நடப்பது தெரியும். கண் நீர் அழுத்த நோய், கிளாகோமா என்றார்கள். இந்நோய் பொதுவாக வலிக்காது, சிவக்காது. பெரும்பாலும் பார்வையின் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லத் தின்றுகொண்டு வரும். நடுவிலுள்ளது நன்றாகத் தெரிவதால் மனிதர் ஐயுறுவதில்லை. படத்தின் ஓரங்களில் வேண்டாதவை வந்து சேர்வதை வாடிக்கையாளர் ஒருவர் எடுத்துச் சொன்னபோதுதான் அவருக்கே ஐயம் தோன்றியது. போன பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ காக்கலாம். பல ஆண்டுகள் காத்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது.

ஸ்டூடியோவை மூடிய பின்னும் நாங்கள் மலையேறுவதை அவர் நிறுத்தவிடவில்லை. ஆனால் திரும்பி வந்து படத்தை அவர் கையில் கொடுப்பதில் பொருளில்லை என்றாகிவிட்டது. முதல்முறை அப்படி வந்து நின்றபோது எங்களுக்கு வாயெழவில்லை. அவர்தாம் தொடங்கினார்.

"மாப்பிள்ளை, வெளிச்சம் முதலில் எங்கே விழுந்தது?"

எதிர்ப்புறத்து மலையில் மூன்று பாறைத் தோள்கள் உண்டு. எங்கள் வீட்டு வழக்கில் அவற்றுக்குக் கிழவி முதுகு, தொட்டில், பெட்டி என்று பெயர். "கிழவி முதுகில்தான் அப்பா" என்றோம்.

"தை மாதத்தில் கிழவிக்கு எப்படி முதலில் விழும்? தொட்டிலுக்கல்லவா விழ வேண்டும். நீ சொல்லம்மா, நன்றாகப் பார்த்தாயா?"

நன்றாகப் பார்க்கவில்லை என்று சொல்ல நேராமல் காத்தது, கருவியில் இருந்த படம். எடுத்துப் பார்த்தோம். தொட்டிலின் விளிம்பில் நகக்கீற்றளவு ஒளி இருந்தது; கிழவி இன்னும் இருட்டில். எங்கள் விடையைக் கேட்டதும் அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை இங்கே எழுதிக் காட்ட எங்களால் இயலாது. ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்த மலை அவருக்குள் அப்படியே, நாள் மாறினால் ஒளி மாறுகிற கணக்கோடு நின்றுகொண்டிருந்தது.

அதன்பின் எங்கள் விடியற்காலைகள் வேறுவிதமாயின. படத்துக்காகப் பார்ப்பதும், ஒருவருக்குச் சொல்வதற்காகப் பார்ப்பதும் ஒன்றல்ல. படம் தான் கண்டதையெல்லாம் வைத்துக்கொள்ளும். சொல்ல வேண்டியவருக்கோ எது முன், எது பின், எது எதைவிடக் கருமை என்பது தெரிய வேண்டும். எத்தனை அடுக்கு? பனிக்கடலின் மேல்மட்டம் தட்டையா, அலையா? காற்று எழுந்தது வெளிச்சத்துக்கு முன்பா, பின்பா? குருவி எப்போது கூவிற்று? இவையெல்லாம் அவருடைய கேள்விகள். குறிப்பேடு ஒன்றை இப்போது நாங்கள் வைத்திருக்கிறோம். அவருடைய பழைய நாட்குறிப்பின் முடிவில் மீதமிருந்த தாள்களிலேயே எழுதி வருகிறோம். அது அவருடைய விருப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் இலங்கைக்குச் சென்றபோது சிவனொளிபாத மலை ஏறினோம். 2,243 மீட்டர். மார்கழியையொட்டிய முழுநிலவிலிருந்து வைகாசி முழுநிலவு வரை அங்கு யாத்திரைக் காலம். பௌத்தரும் இந்துக்களும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் தத்தம் மரபுப்படி அந்தப் பாறைத் தடத்தைப் போற்றுகிறார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள், கைக்குழந்தையையும் தோளில் சுமந்து இரவெல்லாம் படியேறுவதைக் கண்டோம். உச்சியில் உதயத்தின்போது கூட்டம் முழுவதும் கிழக்கே கைகூப்பி நின்றது. நாங்கள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேற்குப் புறம் போனோம். அங்கே, காட்டின்மேலும் மூடுபனியின்மேலும், மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக அடிவானம் வரை நீண்டு கிடந்தது. மலை எந்த வடிவில் இருந்தாலும் உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு நிழல் முக்கோணமாகவே தோன்றுமாம். நீண்ட தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தெரிவதற்கு உள்ள காரணமே இதற்கும். கதிரவன் ஏற ஏற முக்கோணம் சுருங்கி மலையடிக்குத் திரும்பியது. ஒரு படம் எடுத்தோம். மீதி நேரமெல்லாம், இதை அப்பாவுக்கு எந்தச் சொல்லால் சொல்வது என்று இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தோம். "கூடாரம் போல" என்றது போதவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் உள்ளங்கையில் விரலால் வரைந்து, விரலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக் காட்டினோம். "இன்னொருமுறை" என்றார்.

மலைக்குப் புறப்படும் அன்பர்களுக்குச் சில சொற்கள். 2024 மே மாதம் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. நீங்கள் புறப்படும் காலத்தில் என்ன விதி என்பதைக் கேட்டறிந்து செல்லுங்கள். இருட்டில் பாறை விளிம்புக்குப் போகாதீர்கள். முந்தைய நாள் பகலிலேயே நிற்கும் இடத்தைப் பார்த்துவைப்பது நன்று. காட்டெருமைகள் விடியற்காலையில் தெருவுக்குள்ளும் நடமாடும். அவற்றுக்கு வழிவிட்டு அசையாமல் நில்லுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். கண்ணாடி வழியே நேராகக் காட்டும் கருவியில் கதிரவனைப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு. குளிரில் பாட்டரி விரைவில் களைத்துவிடும் என்பதால் ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். குளிர்ந்த கருவியை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பைக்குள்ளேயே சற்று நேரம் இருக்கட்டும். கைப்பேசிதான் இருக்கிறது என்று குறைபட வேண்டாம். இருட்டிலேயே போய்ச் சேர்ந்தவருக்குக் கைப்பேசியும் போதும்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிளாகோமா குடும்ப வழியாக வரக்கூடியது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருந்தால் மற்றவர்களுக்கும் அபாயம் மிகுதி. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நன்றாகத் தெரிகிறதே என்றிராமல், கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்வது அவசியம். எங்களுள் அவருடைய மகளாயிருப்பவர் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்கிறார். சென்ற ஆண்டுச் சோதனையில் அழுத்தம் கூடியிருப்பதாகக் கூறி, இரவில் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பார்வையில் குறைவு ஏதுமில்லை, வேளாவேளைக்கு மருந்தை விட்டால் அஞ்ச வேண்டியதில்லை என்றார் மருத்துவர். மலைக்குக் கொண்டுபோகும் பையில் பாட்டரியோடு இப்போது அந்தச் சிறு குப்பியும் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தோம். சொன்னோம். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓரங்களைப் பார்த்துக்கொள்" என்றார். கண்ணைச் சொன்னாரா, படத்தைச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாகச் சென்ற விடியலில் எங்களுக்குள் ஒரு கருத்து வேற்றுமை. கதிரவன் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பு பள்ளத்தாக்கின் அடியில் கிடந்த பனி, வெறும் சாம்பல் நிறம் என்பது ஒருவர் கட்சி; இல்லை, கத்தரிப்பூ நிறம் என்பது மற்றவர் கட்சி. படத்தைப் பார்த்தும் முடிவாகவில்லை. கணினியில் ஒரு நிறம், கைப்பேசியில் ஒரு நிறம், அச்சிட்டால் மூன்றாவது நிறம். அப்பாவோ நிறத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற மறுத்துவிட்டார். கறுப்பு வெள்ளைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்பது அவருடைய விடை. ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்யவும் அவருக்கு மனமில்லை. வரும் தை மாதத்தில் நாங்கள் மறுபடி போக வேண்டும். இருவரும் அருகருகே நின்று, ஒருவரோடொருவர் பேசாமல், அவரவர் கண்டதைத் தனித்தனித் தாளில் எழுதி மடித்து வர வேண்டும். தாம் இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தாளை இப்போதே நாட்குறிப்பிலிருந்து கிழித்துக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு அடுத்த வாரம் அடிவாரத்திலிருந்து புறப்படும் மாலைப் பேருந்தில் இரண்டு இருக்கைகள் வேண்டும்.